கறிக்கடை மாடியில் காளான் சாஸ்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் கறிக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை கீழே, வீடு மேலே, நடுவில் பதினெட்டுப் படிகள். முப்பத்தொரு வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கி அக்காவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. வாய் மட்டும் தேயவில்லை. தையல்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் காஜா எடுக்கத் தெரியும், காலர் வைக்கத் தெரியும். கொக்கியில் தொங்குகிற தொடையை நேருக்கு நேர் பார்க்கத் தெரியாது. முதல் வாரம் கடைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறாம் மாதம் கொழுப்பின் நிறத்தைப் பார்த்தே இது இளசு, இது கிழடு என்று தரம் பிரித்தாள். எதையும் அரைகுறையாகச் செய்ய வராத பிறவி. அந்தக் குணத்தால் அவள் கண்ட சுகத்தைவிடத் தலைவலிதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் பாஸ்தாவும் கொத்துக்கறி சாஸும். இதில் மாற்றமே கிடையாது. மகன் பிறந்த வாரத்தில்கூட மாற்றம் இல்லை, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி. அந்த சாஸை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஹோட்டல் சமையல்காரர். சனிக்கிழமை தோறும் கொத்துக்கறி வாங்க வருவார். கறி அரைபடுகிற நேரத்துக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சொல்வார், மிச்சம் அடுத்த வாரம். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவது முதல் வாரம். கறி இரண்டாம் வாரம். தக்காளி மூன்றாம் வாரம். மூன்று மணி நேரம் சிறு தீயில் வைக்க வேண்டும் என்பது நாலாம் வாரம். கடைசியில் ஒரு கிளாஸ் பால் விட வேண்டும் என்பதை மனிதர் மறந்தே போய், எட்டாம் வாரம் வந்து தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஆக, ஒரு சாஸ் கற்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

கறிக்கடைக்காரர், அதாவது அவள் கணவர், அந்த சாஸைச் சாப்பிடும் அழகைப் பார்க்க வேண்டும். தொண்ணூறு கிலோ ஆள். பேச்சு குறைவு. முதல் தட்டுக்குத் தலை நிமிராது. இரண்டாம் தட்டுக்கு "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்குத்தான் அக்கா மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்றாள். வெட்கமில்லாமல் இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலை கட்டையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். இதயத்தில் அடைப்பு, போதாக்குறைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வேறு. வீட்டுக்கு வந்தபோது சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ணியே ஆகணும்மா. ஆனா இப்ப இருக்கற உடம்பு அதைத் தாங்காது. ரெண்டு மாசம் டைம். குறைஞ்சது நாலு கிலோ ஏறணும். உப்பு கம்மி பண்ணுங்க. கறியை அடியோட மறந்துடணும்."

நாலு கிலோ கூட வேண்டும், கறி கூடாது. கறிக்கடைக்காரரிடம் இதைச் சொல்லி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அக்கா வேகவைத்த காய்கறியைத் தட்டில் வைத்தால், ஓரத்தில் இரண்டு வாய் தின்றுவிட்டு நகர்த்திவைப்பார்.

"இதைத்தானே ஆட்டுக்கும் போடுறாங்க," என்றார் ஒரு நாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்குப் பிடிபிடியென்று பிடித்திருப்பாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னுடைய கத்திகளைத் துணியில் சுற்றி மகனிடம் கொடுத்துவிட்டார். காலையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். மாடி ஒழுகுகிறது, ஆபரேஷன் முடிந்ததும் ஆள் வைத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டால், "நீங்க பாத்துக்குங்க," என்பார். மகனுக்குப் பெண் பார்க்கலாமா என்றால், அதற்கும் "நீங்க பாத்துக்குங்க." அந்த 'நீங்க'வுக்குள் அவளும் மகனும் இருந்தார்கள், அவர் இல்லை. ஆபரேஷன் தேதிக்கு அந்தப் பக்கம் ஒரு நாளைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. மனிதர் மனதுக்குள் கடையைச் சாத்திவிட்டார் என்று அக்காவுக்குப் புரிந்தது. புரிந்த அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கறி இல்லாமல் அந்த சாஸை வைத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

எதிர்ச்சாரியில் காய்கறிக்கடை. முப்பது வருடமாக அங்கே அவள் வாங்கியது வெங்காயம், கேரட், செலரி, தக்காளி. அதற்கு மேல் எது வாங்கினாலும் தெருவே மூக்கின் மேல் விரல் வைக்கும், கறிக்கடை வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கும். ஆகவே அக்கா பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய்க் காய்கறிக்கடையின் பின்கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, திருட வந்த மாதிரி பின்பக்கமா வர்றீங்க?" என்றாள் காய்க்கடைக்காரி. கறிக்கடை அக்காவுக்கு வாய் எட்டு முழம் என்றால் இவளுக்கு ஒன்பது.

"ரெண்டு கிலோ காளான் குடு. மெதுவா பேசு."

"காளானா? உங்க வீட்டுக்கா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன்டி சந்துல வரப்போறேன்? போடு சீக்கிரம்."

காய்க்கடைக்காரி இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டாள். கூடவே, கேட்காமலே, ஒரு பொட்டலம் தோல் நீக்காத மசூர் பருப்பையும் வைத்தாள். கறி இல்லாத இடத்தில் பருப்பு நின்று பேசும் என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் கடைக்கு அரைநாள் விடுமுறை. மகன் வெளியே போயிருந்தான். இங்கேதான் அக்கா ஒரு காரியம் செய்தாள். வேறெந்த வீட்டுப் பெண்ணும் செய்திருக்க முடியாது, ஏனென்றால் வேறெந்த வீட்டிலும் அந்த வசதி கிடையாது. கொத்துக்கறி சாஸ் என்றால் கொத்துக்கறி மெஷின்தானே என்று நினைத்து, காளான், கேரட், செலரி எல்லாவற்றையும் கடை மெஷினின் வாயில் திணித்துப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மெஷினின் மறுபக்கம் உதிரி உதிரியாக வருமென்று எதிர்பார்த்தாள். வந்தது சேறு. பழுப்பும் ஆரஞ்சுமாக, சொட்டுச் சொட்டாக, பாத்திரம் நிறையத் தண்ணீர். சரி, அடுப்பில் வைத்தால் வற்றிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கறிக்கு மூன்று மணி நேரம் என்றால் இதற்கும் மூன்று மணி நேரம். கடைசியில் சட்டியில் இருந்ததைக் கொண்டு சுவரில் காலண்டர் ஒட்டலாம்.

ஆனாலும் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். கறிக்கடைக்காரர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மெல்லுவதற்காக வாயை அசைத்தவருக்கு மெல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"யாருக்கு இது? பல்லு முளைக்காத புள்ளைக்கா?"

"இல்ல. பிடிவாதம் பிடிச்ச கிழவனுக்கு," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் நின்று அதே கரண்டியால் ஒரு வாய் தின்று பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் காலை முதல் வியாபாரம் தபால்காரர். அரைக்கிலோ கொத்துக்கறி வாங்கிப் போனவர் கால்மணி நேரத்தில் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"தம்பி, கறி வாங்கினா கேரட் இலவசமா?" என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சிவப்புக் கறிக்குள் அங்கங்கே ஆரஞ்சுத் துணுக்குகள்.

மகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. படியில் பாதி ஏறியபடியே சத்தம் போட்டான். "அம்மா, மெஷின்ல என்னத்தைப் போட்டீங்க?"

அக்கா கரண்டியோடு படிவாசலுக்கு வந்தாள். ஜன்னலோரத்திலிருந்துதான் குரல் வந்தது.

"மெஷின்லயா?"

கறிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, பதினெட்டுப் படியும் இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்து வாரத்தில் அவர் கீழே இறங்குவது இதுதான் முதல் தடவை. பின்னாலேயே அக்கா, விழுந்தால் தாங்கிப் பிடிப்பவள்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். தாங்கியிருந்தால் இருவரும் சேர்ந்துதான் உருண்டிருப்பார்கள்.

முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மெஷினைத் தனித்தனியாகக் கழற்றினார். திருகு, பிளேடு, ஓட்டைத் தட்டு. பிளேடில் செலரி நார் நூல்கண்டுபோல் சுற்றிக் கிடந்தது. விரலால் உருவி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதென்ன?"

"செலரி."

"கறியையே நாம வந்ததும் வராததுமா மெஷின்ல போடுவோமா? ரெண்டு நாள் தொங்கவிட்டு, தண்ணி இறங்கி, சதை இறுகின அப்புறம்தானே கத்தியே வைக்கறோம். காளான் முழுக்கத் தண்ணி. அதைப் போய் நசுக்கினா தண்ணிதான் வரும். இது தெரியாதா உனக்கு? முப்பது வருஷம் இந்தக் கடையில என்ன பண்ணினே?"

அக்கா பதிலுக்குப் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. ஐந்து வாரத்தில் பேசாததையெல்லாம் மனிதர் ஒரே மூச்சில் பேசிவிட்டார் என்பதை அவள் கவனித்துவிட்டாள். ஒன்றும் தெரியாத பாப்பாபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் தையல்காரர் பொண்ணு."

அவர் முறைத்தார். நாரை ஓரமாகப் போட்டார். "காளானை யார் பொறுக்கினது?"

"யாரு பொறுக்கறது? அவதான் அள்ளிப் போட்டா."

"பொறுக்காமயா வாங்கின?"

கறி வியாபாரத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நாற்பது வருடமாகச் சந்தைக்குப் போய், ஒவ்வொன்றையும் தொட்டு, அழுத்தி, முகர்ந்து பார்க்காமல் ஒரு துண்டுகூடக் கடைக்குள் கொண்டுவராத மனிதர் அவர். அவர் பெண்டாட்டி, யாரோ அள்ளிப் போட்டதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அடிமடியில் கை வைத்தாற்போல் ஆகிவிட்டது அவருக்கு. செருப்பை மாட்டினார். பட்டப்பகலில், கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் தபால்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, தெருவைக் கடந்து காய்கறிக்கடைக்குள் நுழைந்தார்.

காளான் பெட்டி முன்னால் நின்று ஒன்றை எடுத்தார். பெருவிரலால் அழுத்தினார். கவிழ்த்து அடிப்பக்கத்து மடிப்புகளைப் பார்த்தார். முகர்ந்தார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"அண்ணே, அதுக்கு எலும்பு கிடையாதுண்ணே," என்றாள் காய்க்கடைக்காரி.

"இது முந்தாநாள் சரக்கு. இன்னைக்கு வந்தது எங்கே?"

ஒன்பது முழ வாய்க்காரி மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அவள் கறிக்கடைக்காரரைப் பற்றி எங்கே பேசினாலும் மரியாதையாகவே பேசினாள்.

பொறுக்கிய காளானைப் பெரிய துண்டுகளாகக் கீறி, கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கறி வைக்கிற குளிர் அறையின் மேல்தட்டில் தனியாக வைக்கச் சொன்னார். மூடக் கூடாது, காற்றுப் பட வேண்டும், மூன்று இரவு இருக்க வேண்டும்.

"அப்பா, யாராவது பாத்தா சிரிப்பாங்கப்பா," என்றான் மகன். காலையிலிருந்து கேரட் கதையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்திருந்தது.

"சிரிக்கட்டும். கதவைச் சாத்து, குளிர் போகுது."

ஞாயிற்றுக்கிழமை காலை காளான் பாதியாகச் சுருங்கி, தோல்போல் இறுகியிருந்தது. அவர் மகனிடமிருந்து இரண்டு கத்தியைத் திரும்ப வாங்கினார். மெஷின் வருவதற்கு முன்னால் கொத்துக்கறியைக் கையால்தான் கொத்துவார்கள், இரண்டு கையில் இரண்டு கத்தி. உட்கார்ந்தபடியே கொத்தினார். கொஞ்சம் கொத்துவார், மூச்சு வாங்குவார், மறுபடி கொத்துவார். ஒரு துண்டு பயறளவு, ஒரு துண்டு கடலையளவு, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் வாய்க்கு அலுத்துவிடும் என்றார். அக்கா நின்று பார்த்தாள். உதவிக்கு வரட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளுக்கு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய சாதனை.

அடுப்பு அவள் ராஜ்யம். அகலச் சட்டியைக் காயவைத்து, எண்ணெய் விடாமல் காளானைப் போட்டாள். முதலில் 'ஸ்ஸ்' என்று மிச்சத் தண்ணீரையும் விட்டது. அந்தச் சத்தம் அடங்கி, பொரிகிற சத்தம் வந்த பிறகுதான் எண்ணெய் விட்டாள். கறிக்கும் அவள் இதே சத்தத்துக்குத்தான் காத்திருப்பாள். அது வந்ததும் அவள் தோள் தானாகத் தளர்ந்தது. காளானை எடுத்துவைத்துவிட்டு வெங்காயம், கேரட், செலரி. அவை இனிக்கும்வரை சிறு தீயில் வதக்கினாள். தக்காளி விழுதை நடுவில் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை பிரட்டினாள். பருப்பை மலர வேகவைத்துக் குழையுமுன் இறக்கியிருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கறிதான் நேரம் கேட்கும், இது கேட்காது. கடைசியில் பால்.

தட்டை வைத்தாள். எதிரே உட்காரவில்லை, மேஜையைத் துடைப்பதுபோல் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முதல் வாய். மென்றார். நன்றாகவே மென்றார்.

"கறி மாதிரி இல்ல," என்றார்.

அவள் கை நின்றது.

"அதுபாட்டுக்கு அது நல்லா இருக்கு. உப்புதான் பத்தல."

"டாக்டர் திட்டுவா."

"ம்," என்றார். தட்டை நீட்டினார். அக்கா இரண்டாம் கரண்டி போட்டாள். சட்டியை வழித்தே போட்டாள் என்று மகன் பிற்பாடு புகார் சொன்னான், அவன் அன்று வெறும் பாஸ்தாவுக்கு வெண்ணெய் தடவித் தின்றானாம்.

அதன் பிறகு அது ஞாயிற்றுக்கிழமைச் சமையலாக மட்டும் இருக்கவில்லை. வாரத்துக்கு நாலு நாள் அதே சாஸ். கத்தரிக்காயைச் சுட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள், குழைந்துபோனது. பூக்கோசு போட்டார்கள், அது தன் வாசனையை விட்டுக்கொடுக்கவில்லை. காய்க்கடைக்காரி சொல்லி அக்ரூட் பருப்பை உடைத்துப் போட்டபோதுதான் பல்லுக்கு வேலை கிடைத்தது, எடை ஏறுவதற்கும் வழி பிறந்தது. இதற்காக அவர் தினமும் இறங்கினார், தெருவைக் கடந்தார், பொறுக்கினார், காய்க்கடைக்காரியோடு மல்லுக்கு நின்றார், திரும்ப ஏறினார். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி யாரும் வற்புறுத்தாமலே நடந்துகொண்டிருந்தது.

இரண்டு மாத முடிவில் டாக்டர் எடை பார்த்தாள். நாலு கிலோவுக்கு முன்னூறு கிராம் கூடுதல். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கறிக்கடைக்காரர் சொல்ல வெட்கப்பட்டார், அக்கா சொன்னாள், அரைமணி நேரம் சொன்னாள். ஆபரேஷன் புதன்கிழமை என்று நாள் குறித்துக்கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகன் வண்டியைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அக்கா பையில் துண்டு, சீப்பு, செருப்பு எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள். கை வேலை செய்துகொண்டிருந்ததே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. எடை ஏறிவிட்டது, சாப்பிடுகிறார், பேசுகிறார், சண்டைகூடப் போடுகிறார். ஆனால் மாடி ஒழுகலைப் பற்றிப் போன வாரம் கேட்டபோதும் அதே பதில்தான், "நீங்க பாத்துக்குங்க." உடம்பைத் தேற்றிவிட்டோம், உள்ளே சாத்திய கதவை இன்னும் திறக்கவில்லையோ என்று அவளுக்குப் பயம். மயக்க மருந்து வாங்கிக்கொண்டு படுக்கப்போகிறவருக்கு, எழுந்திருக்க வேண்டும் என்ற ஆசை இருக்க வேண்டாமா?

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அவர் தெருவைக் கடந்தார்.

சொல்லிக்கொண்டு வரத்தான் போகிறார் என்று நினைத்தாள். பையை வண்டியில் போட்டுவிட்டு அவளும் பின்னால் போனாள். காய்க்கடைக்காரி பெட்டிகளை உள்ளே எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணினார்.

"இந்த ஞாயிறு வேணாம். அடுத்த ஞாயிறும் வேணாம். அதுக்கு அடுத்த ஞாயிறுக்கு ரெண்டு கிலோ காளான் வேணும். மூணு நாள் முன்னாடி, வியாழக்கிழமை காலையில, அன்னைக்கு வந்த பெட்டியா இருக்கணும்."

"அக்காகிட்ட குடுத்துடறேண்ணே."

"அவகிட்ட குடுக்காதே. அவ பொறுக்க மாட்டா, நீ அள்ளிப் போடறதை வாங்கிட்டு வந்துடுவா. நான் வந்து எடுத்துக்கறேன்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இரண்டு மாதமாக எந்த டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை அவர் வாயாலேயே கேட்டுவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தெருவில் நின்று அழுகிற ஜாதி இல்லை அவள்.

"மூணு வாரத்துல படி ஏறவே விடுவாங்களோ என்னவோ," என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு.

"ஏறாட்டிப் போகுது. கீழ கடையில உக்காந்து கொத்தறேன். நீ அடுப்பைக் கீழ கொண்டு வா," என்று சொல்லிவிட்டு, அவர் வண்டியைப் பார்த்து நடந்தார்.